சாமி இல்லாத கோயிலாய் 23 நாள்

2023 ஆவணி பிறந்து நாலாவது நாள். கடை திறந்து ஏற்றிய ஊதுவத்தி இன்னும் அணையவில்லை. அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார். முந்தின வாரம் எங்களிடம் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டு போனவர். தாய்மாமன் பெயர் ஒன்று விட்டுப்போயிருந்தது.

"மாமன் ஊட்டாண்ட போவ முடியல பா. ஒரு அம்பது மட்டும் பேர் சேத்து அடிச்சுக் குடு."

ஐந்து நிமிட வேலை. முந்தின நாள்தான் சர்வீஸ் பையன் வந்து, வைரஸ் என்று சொல்லி கம்ப்யூட்டரை ஃபார்மட் அடித்துவிட்டுப் போயிருந்தான். அதனாலென்ன, எல்லாம் கிளவுடில் இருக்கிறதே என்று பாஸ்வேர்டைப் போட்டேன். பாஸ்வேர்டு சரிதான். ஆனாலும் இது நீங்கள்தானா என்று கேட்டு, ஒரு நம்பருக்கு ஓடிபி அனுப்பியிருப்பதாகச் சொன்னது. அது அப்பாவின் நம்பர். அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. சிம்மை ரீசார்ஜ் பண்ணாமல் விட்டிருந்தேன்.

அந்த நம்பருக்கே ஃபோன் போட்டேன். மணி அடித்தது. திருநெல்வேலிப் பேச்சில் ஒரு அம்மா எடுத்தார். "உங்க நம்பருக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும், அதக் கொஞ்சம் சொல்றீங்களா" என்று நான் கேட்டு முடிப்பதற்குள் வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. எனக்கு அப்படி யாராவது ஃபோன் பண்ணினால் நானும் அதைத்தான் செய்வேன்.

எங்கள் ஊர் வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு: ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில். கோட்டைக்குள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில் நெடுங்காலம் மூலவர் இல்லாமல் கிடந்து, 1981-ல்தான் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். அன்றைக்கு என் கடையும் அப்படித்தான் இருந்தது. போர்டு இருக்கிறது, மெஷின் இருக்கிறது, அக்கா உட்கார்ந்திருக்கிறார், உள்ளே ஒன்றும் இல்லை.

கடை காந்தி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில். ஜெராக்ஸ், டிடிபி, பத்திரிகை, பில் புக். சிஎம்சிக்கு வைத்தியம் பார்க்க வந்து லாட்ஜில் தங்கியிருக்கும் வங்காளத்துக்காரர்களும் வடகிழக்குக்காரர்களும் பாதி வாடிக்கை. குடியாத்தம், அணைக்கட்டு, பள்ளிகொண்டா பக்கத்து விசேஷ வீடுகள் மீதி. அப்பா காலத்தில் லெட்டர் பிரஸ்ஸாக இருந்ததை நான் கம்ப்யூட்டருக்கு மாற்றினேன். அக்கா அப்பா காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவர். டைப்ரைட்டிங் ஹையர், தமிழ், இங்கிலீஷ் இரண்டும்.

கிளவுடுக்குப் போனதும் முட்டாள்தனத்தால் இல்லை. 2017-ல் ஒரு ஹார்ட் டிஸ்க் கட்டையைப் போட்டு, ஒரு சீசன் வேலையே போயிற்று. அப்போது அக்கா மகன் சொல்லித்தான் எல்லாவற்றையும் மேலே ஏற்றினேன். இலவச 15 ஜிபி சீக்கிரமே நிரம்ப, வருஷச் சந்தாவும் கட்டினேன். ஆறு வருஷம் நன்றாகத்தான் ஓடியது.

அணைக்கட்டுக்காரருக்கு அச்சடித்த பத்திரிகையைப் பார்த்தே அக்கா முழுக்க மறுபடி அடித்துக் கொடுத்தார். அதற்கப்புறம் 23 நாள், கேட்டு வந்த ஒவ்வொருவருக்கும் அப்படித்தான். நான் கிளவுட் கம்பெனிக்குப் படிவம் நிரப்பி அனுப்பினேன். பதில் வரும், எல்லாம் ஒரே அச்சில் வார்த்த பதில். கடை ஓனரிடம் வாடகைத் தகராறு என்றால் கொசப்பேட்டையில் அவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். இங்கே நிற்க வாசலே இல்லை. காசு கட்டுகிறவன்தான், ஆனாலும் வாசல் இல்லை.

23-ம் நாள் மச்சான் ராணிப்பேட்டையிலிருந்து வந்தார். பேச்சுவாக்கில், "உன் பழைய லேப்டாப் எங்கூட்டுலதான் கீது, சார்ஜர் போயிடுச்சு" என்றார். அன்றைக்கே ஒரு சார்ஜர் வாங்கிக்கொண்டு போய்ச் சொருகினேன். திறந்தால், அந்த மெஷினில் என் கணக்கு லாக்-அவுட் ஆகாமலே இருந்தது. கையெல்லாம் நடுங்கியது எனக்கு. முதல் வேலையாக ரெகவரி நம்பரை மாற்றினேன். இரண்டாவது வேலை, மொத்தச் சரக்கையும் ஜிப் ஜிப்பாக இறக்க ஆரம்பித்தேன். இரண்டு ராத்திரி ஆயிற்று.

இதை வாசிக்கிறவர்கள் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இன்றைக்கு ராத்திரி அந்த ரெகவரி நம்பர் யாருடையது என்று பார்த்துவிடுங்கள். செத்துப்போன சிம், பழைய ஆபீஸ் நம்பர், ஊருக்குப் போய்விட்ட பையனின் நம்பர் என்று பாதிப் பேருக்கு அப்படித்தான் இருக்கும். கூடவே 'பேக்கப் கோட்' என்று சில எண்கள் தருவார்கள். பிரிண்ட் போட்டு ரேஷன் கார்டு வைக்கிற இடத்தில் வையுங்கள். சிக்கிக்கொண்டால், வழக்கமாக உள்ளே போகிற அதே மெஷின், அதே இணைப்பிலிருந்து முயன்று பாருங்கள். புது இடத்திலிருந்து தட்டினால் சந்தேகம்தான் கூடும்.

கோபத்தில் அன்றைக்கே எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்கிற இலவச சிஸ்டத்துக்குத் தாவ நினைத்தேன். அக்காதான், "முதல்ல இன்னா வச்சினு கீறோம்னு பாரு தம்பி" என்றார். பார்த்தேன். இறக்கிய ஃபைல்களில் பாதி, கிளவுடிலிருந்து மீட்டும் என் கையில் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

எல்லாம் பேஜ்மேக்கர் என்கிற பக்கம் கட்டுகிற பழைய புரோகிராமின் ஃபைல்கள். அதன் கடைசிப் பதிப்பான 7 வந்தது 2001-ல். அதற்குப் பிறகு சின்னச் சின்னத் திருத்தம் தவிரப் புதிதாக எதுவும் வரவில்லை. எந்த மெஷினிலும் ஒரே மாதிரி எழுத்து வருவதற்கான பொது முறையான யூனிகோடு அதற்குத் தெரியாது. தமிழ் அடிக்கிற நாங்கள் அந்தக் காலத்தில் வாங்கின எழுத்துருக்கள் எல்லாம், இங்கிலீஷ் எழுத்து இருக்கிற இடத்தில் தமிழ் எழுத்தை உட்காரவைத்தவை. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு இடத்தில் உட்காரவைத்தது. 'அ' ஒருவர் ஃபாண்ட்டில் ஒரு சாவியில், இன்னொருவரிடம் வேறு சாவியில். ஃபாண்ட் இருந்தால் 'திருமண அழைப்பிதழ்'. இல்லாவிட்டால் இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கூளம். 1999-ல் சென்னை மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்று எழுத்து உட்காரும் இடங்களைப் பொதுவாக்கிப் பார்த்தார்கள். 2010-ல் தமிழக அரசே யூனிகோடை ஏற்று ஆணை போட்டது. ஆனால் டிடிபி கடைக்காரன் ஆணையைப் பார்த்தா வேலை செய்கிறான்? பிரஸ்காரர் கேட்பது எதுவோ அதுதான்.

அதனால் நான் ஆரம்பித்தது புரோகிராமில் இல்லை, ஃபைலில். எல்லாவற்றையும் மாற்ற உட்காரவில்லை. நாலாயிரத்துச் சொச்சம் ஃபைலை மாற்ற உட்கார்ந்தால் ஆயுசு போதாது. வருஷா வருஷம் திரும்பி வருகிறவற்றை மட்டும் எடுத்தேன்: கோயில் திருவிழா நோட்டீஸ், பள்ளிக்கூட வினாத்தாள் தலைப்பு, கடைகளின் பில் புக், காலண்டர் அடிப்பட்டை. என்எச்எம் கன்வர்ட்டரில் போட்டால் பழைய எழுத்து யூனிகோடாகிவிடும். ணகர, னகரக் குழப்பமும் விட்டுப்போன புள்ளியும் இருக்கும், ஒரு தடவை ஆள் வாசித்தே ஆகவேண்டும். மற்றதெல்லாம் வாடிக்கைக்காரர் கேட்டு வரும்போதுதான்.

இப்போது ஒரு வேலை முடிந்தால் மூன்று ஃபைல் வைக்கிறோம். வரைந்த மூல ஃபைல். ஃபாண்ட்டை உள்ளேயே பதித்த பிடிஎஃப். வெறும் எழுத்து மட்டும் இருக்கிற டெக்ஸ்ட் ஃபைல். நாளைக்கு எந்தப் புரோகிராம் போனாலும் மூன்றாவது எங்கேயும் திறக்கும். பெயர் வைப்பதிலும் ஒரு ஒழுங்கு: வருஷம், மாசம், தேதி, ஊர், விசேஷம். வருஷத்தை முன்னால் போட்டால் தானாக வரிசையில் நிற்கும். 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'இதுதான் ஃபைனல்' என்று வைத்துக்கொண்டிருந்த காலம் ஒழிந்தது.

அக்காவுக்குத்தான் கஷ்டம். முப்பது வருஷமாக டைப்ரைட்டர் முறையில் பழகின விரல். அதில் 'கொ' அடிக்க முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். கண்ணால் காகிதத்தில் பார்க்கிற வரிசை அது. யூனிகோடுக்கு நான் போட்டுக் கொடுத்த தமிழ்99 கீபோர்டு முறையில் க அடித்து ஒ அடித்தால் 'கொ'. வாய் சொல்கிற வரிசை. முதல் வாரம் முழுக்க உயிரெழுத்து முன்னால் போய்த் தனியாக நிற்கும். அக்கா கீபோர்டைத் தள்ளிவிட்டு, "எனக்கு இந்தாண்ட வேலையே வேணாம், ஜெராக்ஸ் போட்டுக்கினு கிடக்கறேன்" என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. டீ சொன்னேன்.

இரண்டாவது வாரத்தில் ஒருநாள் 'அக்கா' என்று அடித்துப் பார்த்திருக்கிறார். அ, க, க, ஆ. நடுவில் புள்ளி தானாக விழுந்தது. ஒரே மெய் இரண்டு தடவை வந்தால் முதல் எழுத்துக்குப் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். ங அடித்து க அடித்தாலும் 'ங்க' ஆகிவிடும். "இது புள்ளி வக்கிற வேலைய மிச்சம் பண்ணுது பா" என்று கூப்பிட்டுக் காட்டினார். மூன்றாவது வாரம் முடியும்போது பழைய வேகத்துக்குக் கிட்டே வந்துவிட்டார். ஒன்று சொல்ல வேண்டும்: பழைய டைப்ரைட்டர் முறையும் யூனிகோடில் கிடைக்கிறது, கட்டாயம் மாறித்தான் ஆகவேண்டும் என்றில்லை. அக்காவை மாற்றச் சொன்னது என் அவசரம். வேறு கடைக்காரர் கேட்டால், வயசான ஆபரேட்டரை அவர் விரல் போகிற வழியில் விடுங்கள் என்றுதான் சொல்வேன்.

அடுத்தது புரோகிராம். கடிதம், பயோடேட்டா, கணக்குக்கு லிப்ரே ஆபீஸ். அதில் பெரிய கதை ஒன்றும் இல்லை, இரண்டு நாளில் பழகிவிட்டது. படம் வரைய இங்க்ஸ்கேப், பக்கம் கட்ட ஸ்கிரைபஸ். கதை இங்கேதான்.

2024 வைகாசி ஒன்றாம் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அதையொட்டி ஒரு இளைஞர் குழுவுக்கு நோட்டீஸ். அம்மன் முகத்துக்குப் பின்னால் சுற்றிலும் குங்குமச் சிவப்பு. ஸ்கிரீனில் பார்த்தால் கண்ணைப் பறித்தது. இங்க்ஸ்கேப்பிலிருந்து நேராக பிடிஎஃப் எடுத்து ஆஃப்செட்டுக்கு அனுப்பினேன். இரண்டாயிரம் நோட்டீஸ் அடித்து வந்தது. செங்கல் நிறம். ஆம்பூர் ரோட்டுச் சூளைச் செங்கல், அச்சு அசல். அதைவிட மோசம், கறுப்பு எழுத்துக்கெல்லாம் நிழல் விழுந்து, புள்ளி ஒவ்வொன்றும் இரண்டு இரண்டாகத் தெரிந்தது.

ஸ்கிரீன் ஆர்ஜிபி என்கிற சிவப்பு, பச்சை, நீல ஒளியில் நிறம் காட்டுகிறது. பிரஸ் நாலு மையில் அடிக்கிறது. நான் அனுப்பியது ஒளிக்கணக்கு. அங்கே அது மைக்கணக்காக மாறும்போது சிவப்பு செத்துவிட்டது. கறுப்பு எழுத்தும் நாலு மையாகப் பிரிந்து, ஒரு தலைமயிர் அகலம் பிளேட் விலகியதில் இரட்டையாயிற்று. இருபது வருஷம் இந்தத் தொழிலில் இருக்கிறவன் செய்யக்கூடாத தப்பு. பழைய புரோகிராம் சொல்லாமலே பார்த்துக்கொண்டிருந்ததை நான் என் திறமை என்று நினைத்திருந்தேன். என் காசில் மறுபடி அடித்துக் கொடுத்தேன்.

இப்போது வரைவது இங்க்ஸ்கேப்பில், நிறம் கொடுப்பதும் பிடிஎஃப் எடுப்பதும் ஸ்கிரைபஸில், சிஎம்ஒய்கே என்கிற நாலு மைக் கணக்கில். குங்குமம் என்றால் மெஜந்தா 100, எல்லோ 100. எழுத்துக் கறுப்பு என்றால் கறுப்பு மட்டும் 100, மற்ற மூன்றும் பூஜ்யம். பிரஸ்காரர் 'கர்வ் பண்ணிக் குடு' என்றால் எழுத்தையெல்லாம் கோடாக மாற்றிய ஒரு நகல் தனியாகப் போகும். எழுத்தாகவே இருக்கிற மூலம் என்னிடம் இருக்கும். கர்வ் பண்ணினதை மட்டும் வைத்துக்கொண்டு பிறகு ஒரு தேதி மாற்ற முடியாமல் முழிக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மெஷினை மாற்றியது எல்லாவற்றுக்கும் கடைசியில்தான். விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிகிறது என்று அறிவித்திருந்தார்கள். எங்கள் கம்ப்யூட்டர்கள் ஆறாம் தலைமுறை ஐ3. விண்டோஸ் 11 கேட்பது இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல். ஓடிக்கொண்டிருக்கிற மூன்று மெஷினைப் பழைய இரும்புக்குப் போட மனசு வரவில்லை. லினக்ஸ் மின்ட்டைப் பென்டிரைவில் ஏற்றி, எதையும் அழிக்காமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டினேன். அப்படி ஓட்டிக்கொண்டு பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: உங்கள் பிரிண்டரும் ஸ்கேனரும் வேலை செய்கிறதா. எங்கள் லேசர் பிரிண்டரைச் சொருகின உடனே அடையாளம் கண்டது. பெரிய ஜெராக்ஸ் மெஷினுக்கு டிரைவர் தேடிப் போட அரை நாள் போயிற்று. ஸ்கேனர் ஒன்று கடைசி வரை மசியவில்லை. அதை முதலிலேயே தெரிந்துகொண்டதால் ஒரு பழைய விண்டோஸ் மெஷினை அப்படியே மூலையில் விட்டேன். இன்டர்நெட் கிடையாது அதற்கு. பேஜ்மேக்கரும் பழைய ஃபாண்ட்டும் அந்த ஸ்கேனரும் அதில்.

வாசல் பக்கத்து மெஷின் வாடிக்கைக்காரர்களுக்கு. அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லாட்ஜிலிருந்து வருகிறவர்கள் வாட்ஸ்அப் வெப் திறப்பார்கள், மெயில் திறப்பார்கள், ஸ்கேன் ரிப்போர்ட் பிரிண்ட் எடுப்பார்கள், பணம் கொடுத்துவிட்டு ஓடுவார்கள். ஓபி சீட்டுக்கு நேரமாகியிருக்கும். ஒருநாள் சாயங்காலம் அந்த டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். யார் யாருடைய பயாப்ஸி ரிப்போர்ட்டோ, ஆதாரோ, பாஸ்புக்கோ. கம்பெனிக்காரன் என் தகவலை வைத்திருக்கிறான் என்று நான் பொருமிக்கொண்டிருந்த நாட்களிலேயே, என் கடையில் ஊர் பேர் தெரியாத நோயாளிகளின் காகிதம் மாசக்கணக்காகக் கிடந்திருக்கிறது.

இப்போது அந்த மெஷினில் தனி யூசர். ஃபயர்ஃபாக்ஸை மூடினால் லாகினெல்லாம் அழிந்துவிடும். ராத்திரி ஒன்பதரைக்கு ஃபோல்டர் தானாகக் காலியாகும். அக்கா மகன் ஒரே வரியில் எழுதிக் கொடுத்தான். "உங்க ஃபோன்ல லிங்க்ட் டிவைசஸ் போய் லாக்-அவுட் பண்ணுங்க" என்று இந்தியிலும் வங்காளத்திலும் எழுதி ஒட்டியிருக்கிறேன். வங்காளத்தில் எழுதித் தந்தது பக்கத்து மீன் சாப்பாட்டு ஹோட்டல்காரர்.

எதையெல்லாம் விட முடியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப்பை விட முடியாது. மாப்பிள்ளை வீட்டில் அதற்குப் பதிலாக சிக்னல் ஆப் போடச் சொன்னால் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். ஒரு பழக்கம் மட்டும் வைத்தேன்: பொண்ணு மாப்பிள்ளை ஃபோட்டோவை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்வேன். ஃபோட்டோவாக அனுப்பினால் சுருங்கி வரும், அச்சில் முகம் கட்டம் கட்டமாகிவிடும். ஆடிட்டருக்கு டேலி வேண்டும், அது அவர் ஆபீஸிலேயே இருக்கட்டும். யூபிஐ இல்லாமல் பத்து ரூபாய் ஜெராக்ஸ்கூட வியாபாரமாகாது.

மெயிலுக்குச் சொந்தமாக ஒரு டொமைன் வாங்கினேன். மெயில் சர்வரை நானே நடத்தப் பார்த்தேன், மூன்று வாரத்தில் விட்டேன். நான் அனுப்புவதெல்லாம் ஸ்பாமில் போய் விழுந்தது. அந்த வேலை எனக்கு வேண்டாம். மெயில் சேவைக்கு ஒருவருக்குக் காசு கொடுக்கிறேன், விலாசம் என்னுடையது. அவரிடம் ஒத்துவராவிட்டால் வேறு ஆளிடம் போவேன், பில் புக்கில் அச்சடித்த விலாசம் மாறாது. வந்த மெயிலெல்லாம் தண்டர்பேர்டு என்கிற மெயில் புரோகிராமில் கடை மெஷினிலும் ஒரு நகல் இருக்கும்.

கடை மெஷின்களுக்குள் ஃபைல்களை ஒன்றுபோல வைத்துக்கொள்ளும் சின்க்திங் ஓடுகிறது, அதற்கு வெளி இணைப்பே வேண்டாம். வாரம் ஒருமுறை ஒரு ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து சத்துவாச்சாரி வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். இரண்டையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். தண்ணீர் இல்லாத ஆறு என்று கிண்டல் செய்த பாலாறு 2021 நவம்பரில் கரை தொட்டு ஓடியதைப் பார்த்தவன் சொல்கிறேன்.

வரவு செலவு மட்டும் லாங் சைஸ் நோட்டுக்குத் திரும்பிவிட்டது. ஆன்லைன் ஷீட்டில் இருந்தபோது மாசக் கடைசியில்தான் பார்ப்பேன். நோட்டில் இருந்தால் கல்லாவைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படுகிறது, யார் பாக்கி என்று.

போன தையில் பள்ளிகொண்டாவிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். சட்டைப் பையிலிருந்து மூடி போன ஒரு பென்டிரைவை எடுத்தார். 2009-ல் அப்பா கையால் அடித்துக் கொடுத்த அவர் மகள் கல்யாணப் பத்திரிகை அதில் இருக்கிறதாம். இப்போது பேத்திக்கு மஞ்சள் நீர், அதே வாசகம், அதே அம்மன் பாட்டு தலைப்பில் வேண்டுமாம். எத்தனையோ கடை ஏறி இறங்கியிருக்கிறார், யாருக்கும் திறக்கவில்லை.

அக்கா எழுந்து மூலை மெஷினைப் போட்டார். ஃபேன் கரகரவென்று சுற்றியது. ஸ்கிரீன் வர ஐந்து நிமிஷம். பேஜ்மேக்கர் திறந்து, அப்பாவுக்குப் பிடித்த அந்தத் தடித்த எழுத்துருவில் வரி வரியாக வந்து நின்றது.

"இன்னும் உசுரோடதான் கீது" என்றார் அக்கா. பிறகு அதைப் பார்த்துப் பார்த்து இந்தப் பக்கத்து மெஷினில் தமிழ்99-ல் அடிக்க ஆரம்பித்தார். பெரியவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"டைப்பிங்குக்கு தனியா காசா பா? அதான் அதுலயே கீதே" என்றார்.